பழைய பேப்பர்காரர் வாங்காததைத் தைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால் உறைகளில் கடைப்பை தைக்கும் மகளிர் குழு ஒன்றைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பதினாறு ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைப்பவள் நான். அதில் கடைசி நான்கு ஆண்டுகளாகக் குடிபான உறைகளிலும் பை தைத்து வருகிறேன். அந்தச் சகோதரிகளின் உழைப்பில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றாலும், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் தைக்க வேண்டியது பால் உறையை அன்று. பழைய பேப்பர்காரர் தராசில் வைக்கவே மறுக்கும் பழச்சாற்று அட்டை டப்பாக்களையும், உட்புறம் வெள்ளிபோல் மின்னும் சாற்று உறைகளையும்தான்.

பால் உறை முழுக்க முழுக்கப் பாலித்தீன் என்ற ஒரே பொருளால் ஆனது. நம் வீடுகளில் அதற்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: பாலை ஊற்றியதும் உறையை அலசி, தொட்டிக்கு மேலே உள்ள டைல்ஸ் சுவரில் ஈரத்தோடு ஒட்டிவிடுவோம், காய்ந்ததும் உரித்துக் கட்டி வைப்போம், மாதக் கடைசியில் அது எடைக்குப் போகும். அங்கிருந்து ஆலைக்குச் சென்று உருகிக் குருணையாகி வேறொரு பொருளாக வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது பால் உறைக்கு விலக்கு அளித்தது. போக்கிடம் உள்ள அந்த உறையைத் துணி உள்பட்டையோடும் ஜிப்போடும் சேர்த்துத் தைத்துவிட்டால், பை கிழிந்த பிறகு அதைத் துணியாகவும் எடுக்க மாட்டார்கள், பிளாஸ்டிக்காகவும் எடுக்க மாட்டார்கள். பால் உறையைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் ஒன்றே: வெட்டும்போது மூலைத் துண்டை முழுதாக அறுத்தெடுக்காமல் உறையோடு ஒட்டியிருக்க விடுங்கள். உறை எடைக்குப் போனாலும் அந்த விரல்நுனியளவுத் துண்டு சாக்கடைக்குத்தான் போகிறது.

பத்து ரூபாய்க்கு விற்கும் மாம்பழச் சாற்று டப்பாவின் கதை வேறு. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு காகித அட்டை. ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன். மீதி மெல்லிய அலுமினியத் தாள். காற்றும் வெளிச்சமும் புகாமல் காக்க இவற்றை அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால்தான் சாறு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அதே ஒட்டுதல்தான் பிறகு பிரித்தெடுப்பதைக் கடினமாக்குகிறது. உரிய இயந்திரம் உள்ள காகித ஆலையில் நீரில் போட்டுக் கலக்கிக் கூழைத் தனியாக எடுக்கலாம், எஞ்சும் பாலித்தீன்-அலுமினியக் கலவையை அழுத்திப் பலகையும் கூரைத் தகடும் செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் லாரி நிறையச் சேர்ந்தால்தான் ஆலைக்குக் கட்டுப்படியாகும். சிற்றூரில் நான்கு பள்ளிகளிலும் இரண்டு மண்டபங்களிலும் சேர்வதை யார் ஏற்றிச் செல்வார்? ஆகவே அவை குப்பைமேட்டில் எரிகின்றன. 2022 ஜூலை 1 முதல் இந்த டப்பாக்களில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தடைசெய்யப்பட்டுக் காகிதக் குழல் வந்துவிட்டது. டப்பா மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த டப்பாவைத் தைப்பது துணியைத் தைப்பது போன்றதன்று. மேலும் கீழும் மடிந்திருக்கும் காதுகளைப் பிரித்து, ஒட்டிய விளிம்போரமாகக் கத்தரித்தால் ஒரே தாளாக விரியும். அலசி நிழலில் காயவைத்து, குழல் குத்திய துளையுள்ள பகுதியை வெட்டி நீக்க வேண்டும். ஒரு பெரிய காய்கறிப் பைக்கு 200 மில்லி டப்பாக்கள் ஏறக்குறைய 24 பிடிக்கும். ஊசி 16 அல்லது 18ஆம் எண்ணாக இருக்க வேண்டும். குண்டூசி குத்தினால் துளை மறையாது என்பதால் கிளிப்பு போட்டுத்தான் இணைக்கிறோம். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதம் (பிரஸர் ஃபுட்) வழவழப்பில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மேலே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்தெடுத்துவிடுவோம். உறுதியாக இருக்கட்டும் என்று தொடக்கத்தில் நான் நெருக்கத் தையல் போட்டேன். இரண்டு கிலோ வெங்காயம் போட்டதுமே அஞ்சல் தலையின் ஓரம்போல் பையின் காது வரிசையாகக் கிழிந்து வந்துவிட்டது. தையலை நீளமாக்கி, காதின் அடியில் பழைய ஜீன்ஸ் துணியை வைத்துப் பெருக்கல் குறிபோல் தைத்த பிறகே பாரம் தாங்கியது. வெட்டிய ஓரத்தில் காகிதம் வெளியே தெரிவதால் அது நீரை உறிஞ்சி உப்பிவிடும். எனவே ஓரம் முழுவதற்கும் துணிப்பட்டி கொடுப்பதைத் தவிர்க்கவே கூடாது.

இத்தனையும் கற்றுக்கொள்ளக்கூடியவையே. எங்கள் கையில் இல்லாதது ஒன்றே: டப்பா எந்த நிலையில் எங்களிடம் வந்து சேர்கிறது என்பது. சென்ற ஆண்டு ஒரு திருமண மண்டபத்திலிருந்து ஐந்து மூட்டை டப்பாக்கள் வந்தன. அலசாமல், சாம்பார் வடிந்த இலைகளோடு ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தபோது எறும்பும் புழுவும் மொய்த்தன. புளித்த வாடையில் எங்களோடு இருந்த பெண்களில் ஒருவருக்கு வாந்தியே வந்துவிட்டது. ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. அவற்றை மீண்டும் அள்ளிச் சென்ற தூய்மைப் பணியாளர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சாறு குடித்த கையோடு ஒரு வாளி நீரில் முக்கியெடுத்திருந்தால் அத்தனையும் பைகளாகியிருக்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலாவை ஒட்டியுள்ள பாசிக் நகரில் கிலுஸ் என்னும் பெண்கள் கூட்டுறவு அமைப்பு, தூக்கியெறியப்பட்ட சாற்று உறைகளைச் சேகரித்துக் கழுவிப் பைகளாகத் தைத்து வெளிநாடுகளுக்கும் அனுப்பியிருக்கிறது. அங்குள்ள பெண்களைவிட நம் பெண்களின் கை எவ்விதத்திலும் குறைந்ததன்று. பள்ளிச் சீருடைகளை ஆண்டுதோறும் தைத்துக் கொடுக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. சீருடை வேலை இல்லாத மாதங்களில் அந்த இயந்திரங்கள் உறையிட்டு மூடிக் கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2021 டிசம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்கு இது போட்டியாகாது. அரிசிக்கும் பருப்புக்கும் மஞ்சப்பைதான் ஏற்றது. உணவுப் பொருளைச் சாற்று டப்பாப் பையில் நேரடியாகப் போட வேண்டாம் என்று வாங்குபவர்களிடம் நானே சொல்லித்தான் கொடுக்கிறேன். புத்தகம், தண்ணீர்ப் பாட்டில், தோலோடு இருக்கும் காய்கறி ஆகியவற்றுக்கு அது நன்றாகவே உழைக்கும்.

உள்ளாட்சி நிர்வாகங்களிடம் நான் பணமோ மானியமோ கேட்கவில்லை. மண்டபங்களுக்கு உரிமம் வழங்கும்போதும் பள்ளிகளுக்கு ஆய்வுக்குச் செல்லும்போதும், சாற்று டப்பாக்களை இலையோடும் சோற்றோடும் கலக்காமல் அலசித் தனிச் சாக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி அறிவுறுத்தட்டும். சாக்கு நிறைந்ததும் எந்தக் குழுவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதை உலர் கழிவு சேகரிக்கும் இடத்தில் எழுதிப் போடட்டும். எங்கள் பகுதியில் மூட்டையைத் தூக்கிவர நாங்களே ஆட்டோ பிடித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தையல் தொழில் செய்யும் வாசகி ஒருவர்,
திண்டுக்கல்.