பத்துக்குப் பத்து அறை: வேலூர் மண்டப உரிமையாளர்களுக்கு ஒரு பேண்டுக்காரனின் திறந்த மடல்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கங்களில் திருமண மண்டபம் நடத்தும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, சத்தம் தெரியும். மாப்பிள்ளையின் கார் உங்கள் வாசலுக்குத் திரும்பும்போது சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியுமாக முன்வரிசையில் சாக்ஸபோன் வாசிக்கிறவர்களில் நானும் ஒருவன். 31 வருடமாக வாசிக்கிறேன். எங்கள் பேண்டு செட்டில் ஒன்பது பேர். ஊர் குடியாத்தத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. உங்கள் மண்டபங்களில் பாதிக்கு மேல் வாசித்திருக்கிறேன். இரண்டு மூன்றைத் தவிர எதிலும் உட்கார்ந்ததில்லை.

போன ஐப்பசி முகூர்த்தத்தில் நடந்தது உங்களில் சிலர் காதுக்கு வந்திருக்கும். எந்த மண்டபம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒருவர் மட்டும் சங்கடப்படுவார், மற்றவர்கள் நம்முடையது இல்லை என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை 6 மணிக்குப் பிள்ளையார் கோவிலிலிருந்து சீர்வரிசை ஊர்வலம் என்று இரண்டுக்கும் சேர்த்து எங்களைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கார் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ‘இதோ வந்துவிட்டது, நிறுத்தாதீர்கள்’ என்று பெண்ணின் மாமா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து சொன்னார். ஒரே பாட்டின் இடையிசையை நாற்பது நிமிடம் இழுத்தோம். ட்ரம்பெட் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று, பெரியப்பாவின் கிளாரினெட் ஒரு சுற்று. வந்த வழியாகத் திரும்பாமல் வெவ்வேறு சந்தில் புகுந்து புகுந்து வந்து பல்லவியைப் பிடித்தோம். விருந்தினர் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மேடைக் கச்சேரியில் இதற்கு மனோதர்மம் என்று பெயர், கைதட்டலும் உண்டு. எங்களுக்கு ஆளுக்கொரு கலர் பாட்டில் வந்தது. குறை சொல்லவில்லை, குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு வாசிப்பு முடிந்தது. பந்தி முடியட்டும் என்று காத்திருந்து, கடைசிப் பந்திக்குப் பிறகு சமையற்கட்டின் பின்வாசலில் நின்றபடியே சாப்பிட்டோம். அதற்குள் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் கடைசி பஸ் போய்விட்டது. வராந்தாவில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்கிறோம் என்று மேனேஜரிடம் கேட்டேன். ‘உள்ளே குடும்பங்கள் இருக்கிறார்கள், நீங்கள் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார்.

எங்களுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன ஐயா. அன்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம், அவ்வளவுதான்.

இரவு ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எதிரில் மூடிக் கிடந்த டீக்கடையின் தகரச் சாய்ப்பு நான்கு பேருக்குத்தான் காணும். ஒன்பது பேரும் ஒன்பது வாத்தியமும் அதன் கீழ் நின்றோம். பெரிய டிரம்மை நடுவில் வைத்து அதன் மேல் கோட்டுகளைப் போட்டோம். தோல் நனைந்தால் காலையில் அது டிரம் இல்லை, அண்டா. பெரியப்பாவுக்கு வயது 62. செட்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். தம் கிளாரினெட்டை நிதானமாகக் கழற்றினார். ஒவ்வொரு துண்டாக வேட்டி முனையால் துடைத்து, துண்டில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சாரலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அது மரத்தால் ஆனது. ஈரம் குடித்த மரம் வெயிலில் சட்டென்று காய்ந்தால் பிளந்துகொள்ளும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியும்வரை அவர் திரும்பவில்லை. கிளாரினெட் தப்பியது. அவருக்கு எட்டு நாள் காய்ச்சல்.

என் சாக்ஸபோன் தப்பவில்லை. வெளியில் பார்த்தால் முழுக்கப் பித்தளையாகத் தெரியும். ஆனால் அதன் துளைகளை மூடுகிறவை கம்பளித் துணிமேல் தோல் போர்த்திய சின்னச் சின்ன வட்டங்கள். பேடு என்போம். ஒரு சாக்ஸபோனில் இருபதுக்கு மேல் இருக்கும். அவை நனைந்தால் உப்பிக்கொண்டு துளையோடு பொருந்தி உட்காராது. மேலே ஒரு பேடு காற்றை விட்டாலும் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் பேச்சிழந்துவிடும். காலை 6 மணிக்குத் தட்டுகள் வரிசையாகக் கிளம்பின. நான் ஊதினேன். கீழே போகும்போதெல்லாம் வாத்தியம் கொட்டாவி விட்டது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, ‘என்னப்பா, ராத்திரி தண்ணியா?’ என்று கேட்டார்.

தண்ணீர்தான் ஐயா. வானத்திலிருந்து வந்தது.

பேடு மாற்ற ஆன செலவு அந்தக் கல்யாணத்தில் என் பங்குக்குக் கிடைத்ததைவிட அதிகம். மீரட்டில் ஜலி கோத்தி என்று ஒரு தெரு இருக்கிறது. நம் நாட்டுப் பேண்டு வாத்தியங்களில் ஏராளமானவை பிறந்த இடம் அது. என் சாக்ஸபோனும் அங்கிருந்துதான் வந்தது. அதைச் செய்த கைகளுக்கு இப்படி ஓர் இரவு தெரிந்திருந்தால் கூடவே ஒரு குடையும் செய்து அனுப்பியிருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஓர் அறை வேண்டும். பத்துக்குப் பத்து போதும். உள்ளே தாழ்ப்பாள், ஒரு மின்விசிறி, பக்கத்தில் கழிப்பறை, ஒரு குடம் தண்ணீர். கட்டில் கேட்கவில்லை. பாய் நாங்களே கொண்டுவருவோம்.

இரைச்சல் விதி என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை இசைக்கருவி எதையும் வெளியே ஒலிக்கக் கூடாது. எங்களுக்கு மனப்பாடம், ஏனென்றால் போலீசார் முதலில் அதட்டுவது எங்களைத்தான். விதிக்கு நாங்கள் விரோதிகள் அல்ல. 10 மணிக்கு வாயிலிருந்து எடுத்துவிடுகிறோம். 6 மணிக்குத்தான் திரும்ப வைக்கிறோம். அந்த எட்டு மணி நேரம் எங்கள் வாத்தியத்துக்கு விடுமுறை. உடம்பை எங்கே வைப்பது என்று மட்டும் விதியில் எழுதவில்லை. அதே விதி, மூடிய மண்டபத்துக்குள் உள்ளுக்குள்ளாகக் கேட்கிற ஒலிக்கு விலக்குக் கொடுக்கிறது. அதனால்தான் டி.ஜே. என்ற பெயரில் பீரோ உயரத்துக்கு நான்கு பெட்டிகளை உள்ளே அடுக்கி, தாம்பூலப் பை வாங்க வந்த பாட்டிமார்களின் நெஞ்சை அதிரவைக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்கு ஏ.சி. அறை கொடுக்கிறீர்கள். சூடானால் கெட்டுவிடுமாம். போட்டோக்காரருக்கு அறை உண்டு. நாதஸ்வர வித்வான்களுக்கு உண்டு, அவசியம் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு எள்ளளவும் பொறாமை இல்லை. ஐஸ்கிரீம் பெட்டிக்குக்கூட வெயில் படாத மூலையாகப் பார்த்து இடம் ஒதுக்குகிறீர்கள். நாங்களும் உருகுகிறவர்கள்தான்.

கோட்டு மாற்றுவது ஜெனரேட்டருக்குப் பின்னால். இத்தனை நாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆண்கள்தானே என்று இருந்துவிட்டோம். இரண்டு வருடமாக எங்கள் செட்டில் சைடு டிரம் வாசிப்பது பெரியப்பாவின் பேத்தி. அவள் எங்கே மாற்றிக்கொள்வாள் என்று நீங்கள் கேட்டதில்லை. வெட்கக்கேடு, நாங்களும் முதல் நாள் யோசிக்கவில்லை. இப்போது அவள் ஊரிலிருந்தே கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். சித்திரை மாதத்தில், கம்பளிக் கோட்டில், குடியாத்தத்திலிருந்து.

எங்கள் ட்ரம்பெட் தம்பி கல்லூரியில் படிக்கிறான். ஜாஸ் பைத்தியம். மற்ற பையன்கள் கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கும்போது இவன் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பேண்டுகளைப் பார்ப்பான். அன்று அந்தத் தகரச் சாய்ப்பின் கீழும் எனக்குக் காட்டினான். அங்கே சாவு ஊர்வலத்தில் பேண்டு போகிறது. இடுகாடு வரை மெதுவான துதிப்பாடல். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான பாட்டு, பின்னால் தெருவே ஆடிக்கொண்டு வருகிறது. ஜாஸ் வளர்ந்ததே இந்தத் தெருப் பேண்டுகளோடுதானாம். உலகம் கொண்டாடும் லூயி ஆம்ஸ்ட்ராங் இப்படி ஊர்வலத்தில் ஊதி வளர்ந்தவர். 1961இல் அந்த ஊரில் பிரிசர்வேஷன் ஹால் என்று ஒரு சின்னக் கூடம் திறந்தார்கள். பழைய கைகள் தங்கள் பாணியை விடாமல் வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. இன்றும் ஆட்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி உள்ளே போகிறார்கள். அந்த ஊரைச் சொர்க்கமாக்க நான் வரவில்லை. 2010இல் தெருமுனையில் வாசித்த பேண்டுக்கு இரவு 8 மணிக்கு மேல் கூடாது என்று அங்கும் போலீசார் தடை சொல்லியிருக்கிறார்கள். நமக்குப் பத்து மணிவரை இருக்கிறதே மாஸ்டர் என்று தம்பி சிரித்தான். நனைந்துகொண்டே சிரித்தான்.

நம் ஊரிலும் சாவுக்கு வாசிக்கிறவரும் கல்யாணத்துக்கு வாசிக்கிறவரும் ஒரே ஆள். நியூ ஆர்லியன்ஸில் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இங்கே எங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவது அதுவும், அதோடு ஒட்டிய இன்னொன்றும். அந்த இன்னொன்றை நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊர் எது என்று கேட்டுவிட்டு அடுத்தபடியாக எந்தத் தெரு என்றும் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி எதற்கென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கத்ரி கோபால்நாத் கர்நாடகக் கச்சேரி மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்த சாக்ஸபோனும் இதே குழல்தான். சிறுவயதில் மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டுத்தான் ஆசைப்பட்டார். கிளாரினெட்டில் ராகம் வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிதழை மடித்து வாத்தியப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார் பெரியப்பா. மழையில் நனைந்தவற்றில் அதுவும் ஒன்று.

வரவேற்பில் இலவம்பாடிக் கத்திரிக்காயில் தொக்கு வைத்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் என்று அட்டை எழுதி வைத்திருந்ததை ஒரு மண்டபத்தில் பார்த்தேன். மகிழ்ச்சி. நம் மண்ணில் விளைந்ததற்கு மரியாதை வேண்டும். கங்கையம்மன் சிரசு ஊர்வலத்திலும், சித்ரா பௌர்ணமிப் புஷ்பப் பல்லக்கு இரவிலும் இந்த ஊர்த் தெருக்களில் வாத்தியம் தூக்கி நடந்தவர்களும் இதே மண்தான். எங்களுக்கு அட்டை வேண்டாம்.

கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், கேட்க வந்தது ஓர் அறை. உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்காமலே ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுத்திருக்கிறீர்கள். பாகாயம் பக்கம் ஓர் அம்மா, முதல் பந்தியிலேயே எங்களுக்கு இலை போடச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் ஊத முடியாது என்று தெரிந்தவர். அந்த மண்டபம் ஒன்றும் அதனால் நொடித்துப்போகவில்லை, தை மாசி முழுவதும் புக்கிங். மற்றவர்களும் கொஞ்சம் மனது வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தனியாகக் கட்ட வேண்டாம். இருக்கிற ஸ்டோர் ரூம்களில் ஒன்றிலிருந்து உடைந்த நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டால் போதும். நாற்காலிகள் மழையில் நனைந்தால் பரவாயில்லை.

வாடகையில் சேர்த்துக்கொள்வதென்றாலும் சம்மதம். கல்யாண வீட்டாரிடம் நாங்களே சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு உங்களில் ஒருவர் மண்டபத்துக்கு வருகிறோம். எந்த மண்டபம் என்று முன்பணம் வாங்கியவருக்குத் தெரியும். மாலை 5 மணிக்கு ஒன்பது பேர் கேட்டில் நிற்போம், அதில் ஒருத்தி பெண். வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

இன்னொன்று. அந்த ஐப்பசி இரவு கேட்டின் கம்பியில் பெரியப்பாவின் நீலப் போர்வையைக் காயப்போட்டுவிட்டு மறந்து வந்துவிட்டோம். யாராவது எடுத்து வைத்திருந்தால், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
முன்வரிசைச் சாக்ஸபோன்காரன்