செயலாளரின் ஆண்டறிக்கை: நாமல் உயன பயணமும் அடுத்த வருட வேலையும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மார்கழி மழையில் மட்டும் வரவு குறைந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நேரே, நாகமரக் காடும் இளஞ்சிவப்புக் கல் மலையும் உள்ள நாமல் உயனவுக்குப் போன பயணத்துக்கு வருகிறேன்.

விடியுமுன் மட்டக்களப்பிலிருந்து பஸ் எடுத்து, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை தாண்டிப் போனோம். இடம் அநுராதபுர மாவட்டத்தில், மடாட்டுகமவுக்கு உள்ளே. அடிவாரத்தில் நாகமரக் காடு. நாகமரம் 1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. அதன் கட்டை தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது. ஈரவலயத்துக்குரிய இந்த மரம் உலர்வலயத்தில் இப்படித் தோப்பாக நிற்பதே அதிசயம். பழைய காலத்தில் பிக்குகள் நட்டு வளர்த்தது என்று சொல்லப்படுகிறது. வெயிலில் வந்த எங்களுக்கு அந்த நிழலில் கால் வைத்ததுமே குளிர்ந்தது. இளந்தளிர் சிவப்பாக நின்ற ஒரு கன்றைச் சுற்றிப் பிள்ளைகள் வெகுநேரம் நின்றார்கள். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

காட்டை விட்டு மேலே ஏறினால், குவார்ட்ஸ் என்னும் கடினமான கல்லாலான இளஞ்சிவப்பு மலை. நம் பக்கத்தில் காணும் பாறை பெரும்பாலும் நைஸ் (gneiss) என்னும் வரிவரியான பாறை. அது வெயிலிலும் மழையிலும் மெல்ல உக்கி மண்ணாகும். குவார்ட்ஸ் அப்படி இலேசில் உக்காது. சுற்றியுள்ள பாறை கரைந்துபோக இது மட்டும் முகடாக எஞ்சி நிற்கும். அதில் மரத்துக்கு வேண்டிய சத்தும் குறைவு. அதனால்தான் மேலே ஏற ஏற மரங்கள் சிறுக்கின்றன. தூரத்தில் சாம்பலாகத் தெரிந்த கல், பாசி படியாத இடத்தில் கிட்ட நின்று பார்த்தபோதுதான் நிறம் காட்டியது. சரிவில் சிறு கற்கள் வழுக்கும். செருப்போடு வந்தவர்கள் சிரமப்பட்டார்கள். அடுத்த முறை எல்லோரும் சப்பாத்துப் போட்டு வர வேண்டும்.

2005இல் இது தேசிய மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. இங்கே கல்லோ செடியோ எடுக்கக் கூடாது. வந்தவர் எல்லாம் ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனால் மலையின் நிறம் எத்தனை நாளைக்கு நிற்கும்? நம் பிள்ளைகள் ஒருவரும் எடுக்கவில்லை. இந்த வருடத்தில் எனக்கு மிகவும் சந்தோசம் தந்தது இதுதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்திலேயே குடும்பிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்து மரங்களை ஊர்ப் பெரியவர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதிவைக்க ஆசைப்படுகிறோம். முறையான அனுமதி பெற்ற பிறகே போவோம். கிரான் பக்கத்துப் பெரியவர்களைத் தெரிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்