கோமாளிக்கு ஒரு காட்சி ஒதுக்குங்கள்

ஜப்பானியப் படவிழாக்களுக்குப் படம் தேர்வு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1954 என்றாலே 'ஏழு சாமுராய்'களும் 'காட்ஜில்லா'வும் உங்கள் பட்டியலில் வந்துவிடுகின்றன. வர வேண்டிய படங்கள்தான். அதே தோஹோ நிறுவனம் அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று வெளியிட்ட 'தோமேய் நிங்கென்', அதாவது 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்', ஏன் அதிகம் கண்ணில் படுவதில்லை?

டோக்கியோவின் கின்சா தெருவில் ஒரு கார் எதன் மீதோ ஏறுகிறது. இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல ஒரு ஆணின் உடல் தெரியவருகிறது. போர்க்காலத்தில் ராணுவம் உருவாக்கிய, கண்ணுக்குத் தெரியாத படையில் இருந்தவன். தன்னைப் போல இன்னொருவன் உயிரோடு இருப்பதாக அவன் எழுதிவைத்த கடிதம் சொல்கிறது. செய்தி பரவியதும் ஒரு கும்பல் 'கண்ணுக்குத் தெரியாத மனிதர்கள்' என்று சொல்லிக்கொண்டு கொள்ளையடிக்கக் கிளம்புகிறது. பழி அந்த இன்னொருவன் மேல்.

அவன்தான் நஞ்ஜோ. தெருவில் விளம்பரத்துக்கு நிற்கும் கோமாளி. செய்சாபுரோ கவாசு நடித்திருக்கிறார். பிறர் கண்ணில் படுவதற்கே அவனுக்கு முகச்சாயம் வேண்டும். தேடி வந்த நிருபர் முன்னால் சாயத்தைத் துடைக்கத் துடைக்க முகமே இல்லாமல் போகிறதே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. போருக்கு அனுப்பியவர்களே திரும்பி வந்தவனைப் பார்க்க விரும்பாத வலியை அந்தத் துடைப்பில் காண்கிறேன். அவன் மனம்விட்டுப் பழகுவது பார்வையில்லாத ஒரு சிறுமியிடம். அவளுக்கு அவனும் மற்றவர்களைப் போல ஒரு குரல்தான்.

கும்பல் வரும் காட்சிகள் கொஞ்சம் இழுக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளில்லாமல் ஓடும் ஸ்கூட்டரைப் பாருங்கள்! தந்திரக் காட்சிகள் காட்ஜில்லாவைச் செய்த எய்ஜி சுபுராயாவுடையவை. 1949இல், தோஹோவுக்கு வெளியே இருந்தபோது, டாயேய் நிறுவனத்துக்காக வைர அட்டிகையைச் சுற்றிய இதே மாதிரி ஒரு குற்றக்கதைக்கும் அவர் வேலை செய்திருக்கிறார். அதில் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மருந்தை எடுத்துக்கொண்டவனுக்கு வெறி பிடிக்கிறது. இதில் வெறி ஊருக்கு.

பின்னிரவு வேடிக்கைப் படங்களோடு இதைத் தள்ளிவிடாதீர்கள். 'காட்ஜில்லா' முடிந்ததும் இதைப் போடுங்கள். அது 96 நிமிடம், இது 70. ஒரே மாலையில் இரண்டும் முடிந்துவிடும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்