பெல்லாரியில் படித்த துணை அதிபர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. முட்டிவலி தேவலையா? மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நைரோபியின் குளிரைத்தான் எதிர்பார்க்கவில்லை. ஜூலை மாதத்தில், அதுவும் ஆப்பிரிக்காவில், ஸ்வெட்டரோடு உட்கார்ந்து எழுதுகிறேன், நம்புவாயா!

சனிக்கிழமை மருமகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போனாள். கீழ்த்தளத்தில் ஜோசப் முரும்பி என்பவர் சேர்த்த கலைப்பொருள்கள். யாரோ பணக்கார வியாபாரி போல என்று நினைத்தேன். பார்த்தால், இந்த நாட்டின் இரண்டாவது துணை அதிபர்! அப்பா கோவாக்காரர், அம்மா மாசாய் இனத்தவர். சின்ன வயதில் படித்தது பெங்களூரிலும் பெல்லாரியிலும். ஆமாம், நீ மூன்று வருஷம் வெயிலில் வெந்தாயே, அதே பெல்லாரி.

அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் ஒகிங்கா ஒடிங்கா. பிறகு முதல் அதிபரான கென்யாட்டா சிறையில் கிடந்தபோது, 1958-லேயே, அவர்தான் இன்னும் எங்கள் தலைவர் என்று சட்டமன்றத்தில் எழுந்து சொன்ன மனிதர். 1964 டிசம்பரில் கென்யா குடியரசானதும் துணை அதிபரானார். ஆனால் அந்தக் காலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பதவி இல்லை அது. அதிபர் கொடுப்பது, அதிபரே எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் கொள்கை ஒத்துவரவில்லை. 1966 மார்ச்சில் லிமுரு ஊரில் ஆளுங்கட்சி மாநாடு கூடியது. கட்சியிலும் ஒடிங்காதான் துணைத் தலைவர். அந்த ஒரு பதவியை எடுத்துவிட்டு எட்டுத் துணைத் தலைவர்களைப் போட்டார்கள். நான் உதவித் தலைமையாசிரியராக இருந்த காலம் ஞாபகம் வந்தது: சாவிக்கொத்து என் கையில் இருக்கும், பூட்டை மாற்றியிருப்பார்கள். ஏப்ரலில் ஒடிங்கா வெளியேறி வேறு கட்சி கண்டார். 1969-ல் அதைத் தடை செய்து அவரையும் காவலில் வைத்தார்கள்.

ஒடிங்கா விட்டுப்போன இடத்துக்குத்தான் முரும்பி வந்தார், 1966 மே மாதம். அந்த வருஷம் முடிவதற்குள் விலகிவிட்டார். வெளியே சொன்ன காரணம் உடல்நலம். ஆனால் அவருடைய நெருங்கிய நண்பர் பியோ காமா பிண்டோவை முந்தின ஆண்டு பிப்ரவரியில், வீட்டு வாசலிலேயே, காரில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பின்சீட்டில் பிண்டோவின் குட்டி மகள் இருந்தாள். அந்த ரணம் ஆறவில்லை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அப்புறம் 1967-ல் வந்தவர் மோய். பதினோரு வருஷம் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அதிபர் இறந்தால் தொண்ணூறு நாள் துணை அதிபர் பொறுப்பில் இருப்பார் என்பது அப்போதைய சட்டம். 1976-ல் அதை மாற்ற ஒரு கூட்டம் கிளம்பியது. அதிபரின் மரணத்தைக் கற்பனை செய்வதே குற்றம் என்று அட்டர்னி ஜெனரல் ஒரு போடு போட்டார், அடங்கிப்போனார்கள். 1978 ஆகஸ்டில் கென்யாட்டா மொம்பாசாவில் காலமானார். மோய் இருபத்துநாலு வருஷம் ஆண்டார். நாங்கள் காப்பகத்துக்குப் போன சாலைக்கே அவர் பெயர்தான்.

எனக்கென்னவோ முரும்பியைத்தான் பிடித்திருக்கிறது. 1990-ல் இறந்தார். சிட்டி பார்க்கில், பிண்டோவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை உனக்கு. பெல்லாரியில் பழைய சகாக்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பார்: முரும்பி படித்த அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பையன்கள் பள்ளி, அதன் கட்டடமாவது மிச்சமிருக்கிறதா?

அன்புடன்,
ராமு