வலை கட்டியும் புறா வருகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"போன வருஷம்தான் வலை கட்டினோம், மறுபடியும் புறா உள்ளே உட்கார்ந்திருக்கு" என்ற புகார் மழைக்காலம் நெருங்கும்போது அதிகம் வரும். யார் கட்டிய வலையாக இருந்தாலும் சரி, போய்ப் பார்த்தால் நடுவில் ஓட்டை இருப்பது அபூர்வம். ஓரம்தான் விட்டுப்போயிருக்கும். சுவருக்கும் வலைக்கும் இடையே நான்கு விரல் நுழைகிற தொய்வு, ஏ.சி. குழாய் வெளியே போகிற மூலை, கிரில்லுக்கு அடியில் ஒரு சந்து. புறாவுக்கு அது போதும். ஆகவே வலை என்ன ரகம், சதுர அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், ஓரத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். எங்களையும் அப்படியே கேளுங்கள்.

முதலில் வலைக்கண், அதாவது வலையின் ஓட்டை அளவு. புறாவுக்கும் காக்கைக்கும் 50 மி.மீ. போதும். மைனா தொல்லை என்றால் 28 அல்லது 30 மி.மீ. சிட்டுக்குருவிக்கு 19 மி.மீ. வேண்டும், ஆனால் சிட்டுக்குருவி வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது எங்கள் கட்சி. அளவில் ஒரு குழப்பம் உண்டு. ஒரு முடிச்சிலிருந்து பக்கத்து முடிச்சு வரை அளப்பது ஒரு முறை. வலைக்கண்ணை இழுத்து மூடி, எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவே அளப்பது மீன்வலைக்காரர் முறை. முதல் முறையில் 50 என்று சொல்கிற வலை இரண்டாவது முறையில் 100 காட்டும். எந்த 50 என்று கேட்டு, ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பொடிக்கண் வலை என்றால் பாதுகாப்பு கூடுதல் என்று நினைத்து புறாவுக்கே 20 மி.மீ. கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் இறகும் தூசியும் அடைத்துக்கொள்ளும், வீட்டுக்குக் காற்று குறையும், புயல் காற்றில் கொக்கிகளின் மேல் விழும் இழுவையும் ஏறும்.

நைலான் மழையில் ஈரம் குடித்துச் சற்று நீளும், காய்ந்தால் இறுகும். எச்.டி.பி.ஈ. என்கிற பிளாஸ்டிக் இழை ஈரம் குடிக்காது. எதுவானாலும் வெயில் தாங்கும் யூ.வி. சரக்காக இருக்கவேண்டும். தூண்டில் நரம்பு போல ஒற்றை இழையில் வருகிற, கண்ணுக்கே தெரியாத வலை பார்க்க அழகுதான். மேற்கு பார்த்த பால்கனிக்கு நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை. பழைய வலையின் இழையை இரண்டு விரலால் முறுக்கிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் வலைக்கு வயதாகிவிட்டது.

இனி ஓரம். 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஒரு பால்கனித் திறப்பை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 36 அடி, அதாவது சுமார் 11 மீட்டர். நான்கு பக்கமும் 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கயிறு ஓடவேண்டும். மூலைகளில் தடித்த கண்போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்), பக்கத்துக்கு ஒரு டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு), இடையில் ஒன்றரை அடிக்கு ஒரு கொக்கி. கம்பியை முதலில் கட்டி, டர்ன்பக்கிளை முறுக்கி வீணைத் தந்தி போல இறுக்கிவிட்டு, பிறகு வலையைக் கம்பியோடு சேர்த்து வளையம் அடிக்கவேண்டும். ஒரு கண் விட்டு ஒரு கண்ணுக்கு வளையம் என்றால் 50 மி.மீ. வலைக்கு 10 செ.மீ.க்கு ஒன்று, மொத்தம் 110 வளையம். அடிப்பக்கத்தில் மட்டும் கண்ணுக்குக் கண் அடிப்பது நல்லது. புறா அங்கேதான் தலையை விட்டு முட்டிப் பார்க்கும்.

கம்பியே இல்லாமல் கொக்கியில் வலையை நேராக மாட்டிவிடுகிற வேலையும் நடக்கிறது. முதல் மாதம் வித்தியாசம் தெரியாது. பிறகு கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவே வலை பிறை போலத் தொங்கும். அந்தப் பிறைதான் வாசல். கட்டி முடித்ததும் கண்கள் சதுரமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். டைமண்ட் போலச் சாய்ந்து நின்றால் வலை ஒரு பக்கம் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது, நாளைக்குத் தொய்யும். தொய்ந்த வலை இன்னொரு விதத்திலும் கெடுதல்: இறுக்கமான வலையில் மோதுகிற பறவை துள்ளித் திரும்பிவிடும், தொய்ந்ததில் காலும் இறக்கையும் சுற்றிக்கொள்ளும்.

துளை போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வெளிச்சுவர்ப் பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். துளை 25 மி.மீ. என்றால் பிளக்கின் பெரும்பகுதி பூச்சில்தான் நிற்கிறது. நல்ல காற்றில் பூச்சோடு பெயர்ந்து வரும். 6 மி.மீ. பிட்டில் 50 மி.மீ. ஆழம் போட்டு, தூளை ஊதி எடுத்துவிட்டு பிளக் அடிக்கவேண்டும். சுவர் ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு வேறு பிளக். சன்ஷேடின் மேல்தளத்திலும் யூ.பி.வி.சி. ஜன்னல் சட்டத்திலும் துளை போட விடாதீர்கள், தண்ணீர் இறங்கும். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரத்தில் 316 கிரேடு ஸ்டீல் வாங்குங்கள். மற்ற இடத்துக்கு 304 போதும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கொக்கி மலிவுதான், இரண்டு மழைக்குள் சுவரில் துருக்கோடு இறங்கியிருக்கும்.

ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும் பிளம்பிங் டக்டும் உள்ள இடத்தில் வலையில் ஜிப் வைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் அடுத்த சர்வீஸுக்கு வருகிற மெக்கானிக் கத்தியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கை நுழைய வழி வைக்காமல் கட்டியவர்தான் தப்பு.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். புறா வலை ஆளைத் தாங்காது. குழந்தை சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி கிரில் வைக்காமல் விட்டுவிடாதீர்கள். அதற்கான பாதுகாப்பு வலை வேறு சரக்கு, கட்டுகிற முறையும் வேறு.

எப்போது கட்டுவது? கூடு இல்லாதபோது. புறா இரண்டு முட்டை இடும். 17 முதல் 19 நாள் அடை. குஞ்சு பறக்க அதற்குமேல் நான்கைந்து வாரம். முட்டையைப் பார்த்த நாளிலிருந்து ஏழு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும் என்பதால் சீசன் முடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. முதல் ஈட்டுக் குஞ்சு பறப்பதற்குள்ளேயே அடுத்த ஈட்டுக்கு முட்டை விழலாம். ஆகவே குஞ்சு பறக்கிற வாரத்திலேயே ஆளை வரச்சொல்லி வையுங்கள். குஞ்சு உள்ளே இருக்கும்போது வலையை மூடினால் அது பட்டினியில் சாகும், நாற்றமும் புழுவும் உங்கள் வீட்டுக்குள் வரும், தாய்ப்புறா விடாமல் வலையில் மோதும். முட்டையோ குஞ்சோ இருந்தால் நாங்கள் வேலையை ஒத்திப்போடுவோம். அவசரப்படுத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு கட்டம் இருக்கிறது. பால்கனி மூலையில் நான்கு ஈர்க்குச்சி கிடப்பதைக் கண்டதும் எடுத்துப் போடுங்கள். மறுநாளும் கிடக்கும், மறுநாளும் எடுங்கள். முட்டை விழுவதற்கு முன் செய்தால் பெரும்பாலும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். ஒரு முறை குஞ்சு பொரித்துவிட்டால் அதே மூலைக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

கூட்டை அகற்றிய பிறகு எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. அந்தத் தூசியில் பூஞ்சைக் கிருமிகள் இருக்கலாம். புறா எச்சத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வருவதும் உண்டு. என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, சுரண்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். பிறகு பிளீச்சிங் கரைசலால் கழுவலாம். அதோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கூடு எடுத்த இடத்திலிருந்து சிறு பூச்சிகள் வீட்டுக்குள் ஏறிக் கடிக்கும். அன்றைக்கே கழுவிவிடுவது அதற்காகவும்தான்.

வலை கட்ட முடியாத சன்ஷேடு விளிம்புக்கும் பெயர்ப்பலகைக்கும் ஸ்பைக், அதாவது மேல்நோக்கி நிற்கும் ஊசி வரிசை. விளிம்பு 10 செ.மீ. என்றால் ஒரு வரிசை, 20 செ.மீ. என்றால் இரண்டு. சுவரை ஒட்டி 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி விட்டால் அங்கே போய் உட்காரும். உரிகிற பெயின்டைச் சுரண்டாமல் சிலிக்கான் தடவினால் ஸ்பைக் பெயின்டோடு கழன்று, கீழே போகிறவர் தலையில் விழும். புறா ஏற்கெனவே கூடு வைத்துப் பழகிய இடத்தில் ஸ்பைக்கை நம்பவேண்டாம். அந்த ஊசிகளுக்கு நடுவிலேயே குச்சியைச் செருகிக் கூடு கட்டும். ஐரோப்பாவில் காக்கை இனப் பறவைகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், ஒரு மருத்துவமனை வளாகத்து மரத்தில் சுமார் 1,500 ஸ்பைக் ஊசிகளால் கட்டிய மேக்பை கூடு ஒன்றைப் பற்றி 2023-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். பறவையை விரட்ட வைத்த ஊசி, அங்கே கூட்டுக்கு வேலியாகிவிட்டது. புதுக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை: விளிம்புகளைத் தட்டையாக விடாமல் 45 பாகைக்கு மேல் சரிவாகப் பூசிவிட்டால் ஸ்பைக்குக்கே வேலையில்லை.

பிளாஸ்டிக் ஆந்தை, தொங்கவிட்ட சி.டி., மினுக்குக் காகிதம் எல்லாம் சில நாள் கூத்து. ஒட்டும் ஜெல் வெயிலில் இளகி, தூசி படிந்து பயனற்றுப்போகும், சிறு பறவைகளும் மாட்டிக்கொள்ளும். மீயொலிக் கருவியை நாங்கள் விற்பதில்லை. மேல்சுருதியில் புறாவின் காது நம் காதைவிடக் குறைவாகவே கேட்கும். நமக்கே கேட்காத சத்தம் அதை எப்படி விரட்டும்?

மாடியை மறந்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் மாடித் தண்ணீர் இறங்குகிற வாய்களைத் திறந்து பாருங்கள். ஈர்க்குச்சி, இறகு, சில சமயம் செத்த குஞ்சு. குழாய் அடைத்தால் தண்ணீர் மாடியில் தேங்கி, கீழ்வீட்டு மோட்டில் ஈரம் பூக்கும். தட்டையான ஜாலியை ஓர் இலை மூடிவிடும். கூம்பு போல எழுந்து நிற்கும் குமிழ் ஜாலி போடுங்கள், அடியில் இலை சேர்ந்தாலும் மேல் துளைகள் வழியே தண்ணீர் போகும். அம்பத்தூர், கிண்டிப் பக்கத்து ஷீட் கூரைகளில் கட்டரின் (கூரை ஓரத்துத் தண்ணீர்க் கால்வாய்) மேல் வலையைத் தட்டையாக விரிப்பது வீண்வேலை, குப்பை அதன்மேல் பாயாகப் படியும். கூரைச் சரிவிலிருந்து கட்டரின் வெளி உதட்டுக்குச் சரிவாக வலையைப் பிடித்தால் குப்பை வழிந்துவிடும்.

2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். மாடித் தண்ணீரைச் சம்ப்பில் விடுகிறவர்கள் முதல் 2 மி.மீ. மழையையாவது வெளியே விட்டுவிடுங்கள். 1,000 சதுர அடி மாடிக்கு அது சுமார் 185 லிட்டர். எச்சம் அதோடு போகும்.

மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதன் அடிதான் புறாவுக்கு இப்போது பிடித்த வீடு. சுற்றிலும் 25 மி.மீ. வெல்டு மெஷ்ஷை கிளிப் போட்டு மாட்டவேண்டும். பேனல் சட்டத்தில் துளை போட்டால் வாரண்டி போய்விடும்.

காக்கைக்குச் சோறு வைக்கிறவர்களை நாங்கள் தடுக்க வரவில்லை. கைப்பிடிச் சுவரில் தட்டு நிறைய வைத்து மாலை வரை விடாமல், ஓர் உருண்டை வையுங்கள். காக்கை தின்று போனதும் மிச்சத்தைக் கழுவிவிடுங்கள். மதியத்துக்குமேல் அந்த மிச்சத்துக்கு வருவது புறாவும் எலியும். பக்கத்து பிளாக்கில் மூட்டையாகத் தானியம் கொட்டுகிறார்கள் என்றால் அசோசியேஷனில்தான் பேசவேண்டும். உங்கள் ஒரு பால்கனிக்கு வலை கட்டுவதால் அங்கே கூட்டம் குறையாது, பக்கத்து பால்கனிக்கு இடம் மாறும்.

போன் செய்வதற்கு முன் நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனையாவது மாடி, திறப்பின் அகலம் உயரம், ஏ.சி. யூனிட் எந்தப் பக்கம், கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். குஞ்சு இருந்தால் முதலில் பார்த்த தேதியைச் சொன்னால் போதும், ஆள் வரவேண்டிய வாரத்தை நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பறவை வலைக் கடையினர்