உறைச் சீட்டுகள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் இசைத்தட்டுக் கடையில், எழுபதுகளின் கிளாம் ராக் (பளபளப்பான உடையும் ஒப்பனையுமாகப் பாடிய ராக் இசை) வரிசையில் உள்ள ஏழு அங்குல சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டுகளின்) உறைமீது நாங்கள் ஒட்டும் சிறு சீட்டை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பாட்டு பிரிட்டனின் வாராந்திர விற்பனைப் பட்டியலில் எட்டிய உச்ச இடமும் பட்டியலின் தேதியும் அதில் இருக்கும். விலையை ஏற்றுவதற்காக அந்த இடத்தை நாங்கள் உயர்த்தி எழுதுகிறோம் என்ற பேச்சு சில வாரங்களாகச் சேகரிப்பாளர்களிடையே பரவி வருகிறது. அது எங்களை மிகவும் புண்படுத்தியிருப்பதால் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

குறை சொன்னவர் அன்றைய பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்துப் பாதுகாத்து வைத்திருப்பவர். அவற்றில் உள்ள இடங்கள் எங்கள் சீட்டுகளோடு ஒத்துப்போகவில்லை என்கிறார். அவற்றை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் இசை வார இதழ்களான ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ ஒரு பட்டியலும் ‘மெலடி மேக்கர்’ வேறொரு பட்டியலும் தனித்தனியே வெளியிட்டு வந்தன; ஒரே வாரத்தில் ஒரே பாட்டு இரண்டிலும் வெவ்வேறு இடங்களில் இருப்பது சகஜம். நாங்கள் எழுதுவது 1969 பிப்ரவரி முதல் பிபிசிக்காகவும் ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ வணிக இதழுக்காகவும் பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற சந்தை ஆய்வு நிறுவனம் தொகுத்த பட்டியலை மட்டுமே. சுமார் 250 கடைகள் சனிக்கிழமை வரையிலான விற்பனையைக் குறிப்பேட்டில் எழுதித் தபாலில் அனுப்ப, திங்களன்று கணினியில் கூட்டி, செவ்வாய் நண்பகலில் பிபிசியின் ‘ரேடியோ 1’ வானொலியில் அறிவித்தார்கள். பட்டியலுக்கு அதற்கடுத்த சனிக்கிழமையின் தேதி இடப்பட்டது. 1973 டிசம்பர் 7 அன்று வெளியான ஸ்லேட் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு, நேராக முதலிடத்தில் நுழைந்த நாளாக எங்கள் சீட்டில் டிசம்பர் 15 என்று இருப்பது அதனால்தான்.

உயர்த்தி எழுதுவதுதான் எங்கள் நோக்கம் என்றால், ஸ்வீட் குழுவின் ‘ஹெல் ரெய்சர்’, ‘பால்ரூம் பிளிட்ஸ்’, ‘டீனேஜ் ரேம்பேஜ்’ மூன்றுக்கும் 2 என்று ஏன் எழுத வேண்டும்? அவை முதலிடம் பிடித்தவை என்று உறுதியாக நினைப்பவர்கள் உங்களிலேயே பலர் இருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் ஸ்வீட் முதலிடம் பிடித்தது ‘பிளாக் பஸ்டர்’ பாட்டுக்கு மட்டுமே. டி. ரெக்ஸ் குழுவின் ‘ஜீப்ஸ்டர்’ உறையிலும் 2 என்றே இருக்கிறது. 1971 இறுதியில் முதலில் ஸ்லேடும் பின்னர் பென்னி ஹில்லின் நகைச்சுவைப் பாட்டும் அதற்கு மேலே நின்றன. டி. ரெக்ஸின் பாடகர் மார்க் போலனின் மீது எங்களுக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்த எண்ணை மாற்ற எங்களுக்கு உரிமையில்லை.

விலை விஷயத்திலும் குற்றச்சாட்டு பொருந்தவில்லை. முதலிடம் பிடித்த தட்டு லட்சக்கணக்கில் விற்றது, ஆகவே இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. மேற்சொன்ன ஸ்லேடின் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றதால் எங்கள் மலிவுப் பெட்டியில்தான் இருக்கிறது. பட்டியலுக்குள் நுழையாமலே போன கிளாம் சிங்கிள்கள்தான் அரியவை, விலை கூடியவை. நாங்கள் விலை வைப்பது தட்டின் நிலையையும் அது எவ்வளவு அரிது என்பதையும் பார்த்தே. காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸில் போடுவதற்காக நடுப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டதா, கீறல் ஊசியைத் தாண்ட வைக்கிறதா, ஸ்லேடின் சிவப்பு பாலிடார் லேபிளில் பழைய உரிமையாளர் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்த பிறகே விலை எழுதுகிறோம்.

இந்தப் பேச்சு காதில் விழுந்தும் வழக்கம்போல வந்து, தட்டுகளைப் புரட்டி, எங்கள் பக்கம் நின்று பேசிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் நம்பிக்கையால்தான் இந்தக் கடை நடக்கிறது. எந்தச் சீட்டைப் பற்றி ஐயம் எழுந்தாலும் கல்லாவில் கேளுங்கள். அந்த வாரத்துப் பட்டியலை எடுத்துக் காட்டுகிறோம்.

சீட்டுகளை எழுதி வந்த உதவியாளர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டதால் புதன்கிழமைகளில் கடை திறந்திருக்காது. உறை, தபால் செலவு கூடியதை ஒட்டி மலிவுப் பெட்டித் தட்டுகளின் விலை அடுத்த மாதம் முதல் 50 பென்ஸ் கூடும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்