தோற்றால் தோற்கட்டும், கோச்சை மட்டும் மாற்றாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இந்திய மகளிர் ஹாக்கி அணிக்கு மரீனே மறுபடியும் கோச்சாக வருகிறார் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரி போட்டிருந்தீர்கள். மீதிப் பக்கம் முழுக்க கிரிக்கெட். சரி, அது உங்கள் வியாபாரம், புரிகிறது. ஆனால் இது நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த நாற்காலி விளையாட்டைக் கொஞ்சம் பாருங்கள். 2017-இல் மரீனே மகளிர் கோச். அந்த வருடமே அவரைத் தூக்கி ஆண்கள் அணிக்குப் போட்டார்கள், ஹரேந்திர சிங் மகளிர் அணிக்கு வந்தார். 2018-இல் காமன்வெல்த்தில் ஆண்கள் பதக்கம் இல்லாமல் திரும்பியதும் இரண்டு பேரையும் அப்படியே இடம் மாற்றினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு மரீனே போனார். அவருக்குக் கீழே இருந்த ஷாப்மன் வந்தார், 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று பாரிஸ் ஒலிம்பிக் கைவிட்டுப் போனது, அடுத்த மாதமே அவரும் ராஜினாமா. போகும்போது, பெண்கள் அணிக்கு இங்கே மதிப்பு இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனார். மறுபடி ஹரேந்திர சிங். 2025 டிசம்பரில் அவரும் விலகினார். இப்போது மறுபடி மரீனே! ஒன்பது வருடத்தில் ஆள் என்னவோ மூன்றே பேர்தான், மாற்றம் மட்டும் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆண்கள் அணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 ஜூனில் ஐரோப்பாவில் புரோ லீக் (முன்னணி நாடுகளின் அணிகள் மோதும் தொடர்) ஆடப் போய் வரிசையாக 7 ஆட்டம் தோற்றார்கள், ஒன்பது அணியில் எட்டாவது இடம். அவர்கள் கோச் ஃபுல்டனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று அடித்து ஆசியக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் பொறுமை பெண்கள் விஷயத்தில் மட்டும் ஏன் வருவதில்லை? அவர்களும் அதே நேரத்தில் அதே ஐரோப்பாவில்தான் 8 ஆட்டம் ஆடினார்கள், ஒன்றில்கூட ஜெயிக்காமல் கடைசி இடம் பிடித்து புரோ லீக்கை விட்டே இறங்கினார்கள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வருடம் பிப்ரவரியில் புவனேஸ்வரில் நெதர்லாந்தையே ஷூட் அவுட்டில் கவிழ்த்த அணி இதுதான் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அணியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ராணி ராம்பால் 2024-இல் ஓய்வு, வந்தனா கட்டாரியா 2025-இல் ஓய்வு. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய அந்த ஒற்றை கோல் குர்ஜீத் கவுர் பெனால்டி கார்னரில் அடித்தது. அந்த மாதிரி நம்பி நிற்கிற டிராக் ஃப்ளிக் ஆட்கள், அதாவது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசி கோல் போடுகிறவர்கள், அப்புறம் அமைந்ததா என்றால், தீபிகாவைத் தவிர சட்டென்று யாரையும் சொல்ல வரவில்லை. தீபிகாவுக்கு அடிபட்டால் என்ன செய்வது? 2025 மகளிர் ஆசியக் கோப்பை ஃபைனலில் சீனாவுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே நவ்நீத் கோல் போட்டார், நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன், அதற்கப்புறம் விழுந்த நாலு கோலும் நம் வலைக்குள். ஜெயித்திருந்தால் நேராக உலகக் கோப்பை, தோற்றதால் தகுதிச் சுற்று.

என்னைக் கேட்டால், ரசிகர்களிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுங்கள்: இந்த வருடம் நிறைய தோற்போம், சின்னப் பெண்களை இறக்கப் போகிறோம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வரை கோச் இவர்தான். நாங்கள் தாங்கிக்கொள்வோம். ஹாக்கி பார்க்கிறவனுக்குத் தோல்வி புதுசா என்ன! 2026 செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டு இருக்கிறது, தங்கம் அடித்தால் லாஸ் ஏஞ்சலஸுக்கு நேரடி டிக்கெட். ஆனால் பெண்கள் கடைசியாக ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது 1982-இல். வராவிட்டால் அன்றைக்கே மரீனேவையும் விரட்டக் கிளம்பிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்த ஆசியக் கோப்பைக்குப் போன அணியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர்கூட இல்லை. ஹரியானா, ஜார்க்கண்ட், மணிப்பூர், மிசோரம் எல்லாம் இருக்கிறது. ஏன் இல்லை என்று எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். வியாசர்பாடியில் பந்து என்றால் கால்பந்துதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரம்பூர், ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கம் ரயில்வே புண்ணியத்தில் ஹாக்கி கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. என் அண்ணன் மகள் ஆடுகிற பள்ளியில் மண் தரை, நடுவில் சரளைக்கல். ஸ்டிக்கின் வளைவில் பிளவு விழுந்தால் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஆடுகிறார்கள். கோல் கீப்பர் பேடு ஒரே செட், ஜூனியரும் சீனியரும் மாற்றி மாற்றிக் கட்டுவதால் எப்போதும் வியர்வை ஈரம். மண்ணில் பந்து எம்பி எம்பி வரும் என்று இந்தப் பிள்ளைகள் ஸ்டிக்கைத் தயங்கித் தயங்கித்தான் வைப்பார்கள். போட்டிக்காக எழும்பூர் ஹாக்கி மைதானத்துக்குக் கூட்டிப்போனால் தண்ணீர் அடித்த டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும், இவர்கள் ஸ்டிக்கை இறக்குவதற்குள் அது கோட்டைத் தாண்டியிருக்கும். அந்த வேகம் பழகவே ஒரு சீசன் வேண்டும், இவர்களுக்குக் கிடைப்பதோ போட்டி நடக்கிற அந்த இரண்டு நாள். அப்புறம் செலக்‌ஷனில் பெயர் எப்படி வரும்?

2025 டிசம்பரில் அதே எழும்பூரில் ஜூனியர் உலகக் கோப்பையில் நம் பையன்கள் 0-2 என்று பின்தங்கி, கடைசி கால் பகுதியில் நாலு கோல் அடித்து அர்ஜென்டினாவிடமிருந்து வெண்கலத்தைப் பிடுங்கினார்களே, அன்றைக்கு ஊரே அதைத்தான் பேசியது. சென்னையில் ஹாக்கிக்கு ஆள் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்கள் ஆட்டத்தை இங்கே கொண்டுவந்தால் வடசென்னையிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வர நாங்கள் தயார்.

உங்களிடம் ஒரு சின்னக் கோரிக்கை. அடுத்த முறை மகளிர் அணி அறிவிக்கும்போது கேப்டன் பெயரோடு நிறுத்திவிடாமல் முழுப் பட்டியலையும் ஊர்ப் பெயரோடு போடுங்கள். எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி ரசிகன்,
பெரம்பூர், சென்னை-11